பாறை வடிகட்டாது

"எங்க வீட்டு செப்டிக் டேங்க் கட்டி இருபது வருஷமாச்சு. ஒரு தடவைகூட லாரியைக் கூப்பிட்டதில்லை."

தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். சொல்கிறவர் முகத்தில் பெருமை இருக்கும். கேட்கிறவர் கட்டிய கொத்தனார் யாரென்று விசாரிப்பார். ஆனால் அது பெருமைப்படும் செய்தி இல்லை, நோய்க்குறி. ஐந்து பேர் வாழும் வீட்டில் முறையாகக் கட்டிய தொட்டி இரண்டு மூன்று ஆண்டுகளில் கசடு எடுக்க வேண்டிய நிலைக்கு வந்தே தீரும். வரவில்லையென்றால் உள்ளே போனது வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அடியில் பூசாமல் விட்ட தொட்டி, உறை இறக்கிய வெறும் குழி, விரிசல் கண்ட சுவர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். சமவெளியில் அந்த ‘வேறெங்கோ’ பெரும்பாலும் பக்கத்து மண். ஜவ்வாது மலையில் அது பாறைப் பிளவாக இருக்கக்கூடும். பிளவின் இன்னொரு முனையில் யாரோ ஒருவர் குடிக்கும் ஊற்றோ போர்வெல்லோ இருக்கலாம்.

அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் வேண்டும்? அவ்வளவு இடம் இல்லாத வீட்டுக்காரர் என்ன செய்வார்? அவருக்காக விதியைத் தளர்த்தலாமா, தளர்த்துவதென்றால் யார், எதைப் பார்த்துத் தளர்த்துவது? கட்டட அனுமதிக் கோப்பில் ஒரு வரியாக முடிந்துபோகும் இந்தக் கேள்விகளுக்குள் நிலவியல், நுண்ணுயிரியல், நீரியல் மூன்றும் இருக்கின்றன.

முதலில் மலையைப் பார்ப்போம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. திருவண்ணாமலைப் பக்கத்தில் ஜமுனாமரத்தூர் ஒன்றியத் தலைமையிடம். திருப்பத்தூர்ப் பக்கத்தில் காவலூர். 1986-இல் நிறுவிய 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. மலையில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடிகள். சாமை விளைவிப்பவர்கள், புளியும் கடுக்காயும் தேனும் சேகரிப்பவர்கள். செய்யாறு இங்கேதான் பிறந்து, இறங்கிப்போய்ப் பாலாற்றில் கலக்கிறது. ஆகவே மலைமேல் நிலத்துக்குள் இறங்குவது மலைமேல் இருப்பவர்களோடு முடிகிற விஷயமும் அல்ல.

அடியில் இருப்பது சார்னோக்கைட், நைஸ் போன்ற கடினப் பாறை. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. மணற்கல்லில் இருப்பதுபோல் இந்தப் பாறையின் உடலுக்குள் துளைகள் கிடையாது. தண்ணீர் தங்க இரண்டே இடங்கள்தான். வெயிலும் மழையும் அரித்து உதிர்த்த மேல்பகுதி ஒன்று, அதற்குக் கீழே ஓடும் விரிசல்களின் வலை மற்றொன்று. வயல் இருக்கும் பள்ளத்தாக்குகளில் மேல்மண் ஓரளவு கனமாக இருக்கும். சரிவில் ஏற ஏற மெலியும். குழி தோண்டுகிறவரின் கடப்பாரை சில இடங்களில் மூன்று நான்கு அடியிலேயே ‘டங்’ என்று நின்றுவிடும்.

இப்போது தொட்டிக்கு வருவோம். அது செய்யும் வேலை நாம் நினைப்பதைவிட மிகச் சிறியது. பிரான்சில் வெசூல் என்ற ஊரைச் சேர்ந்த ழான் லூயி மூரா 1860-களில் அமைத்து 1881-இல் காப்புரிமை பெற்ற தொட்டியும், இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் 1895-இல் கட்டி ‘செப்டிக் டேங்க்’ என்று பெயர் வைத்ததும், நம் வீட்டுப் பின்புறத்தில் இருப்பதும் அடிப்படையில் ஒன்றுதான். கனமானது அடியில் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாகக் கட்டும். நடுவில் நிற்கும் சாம்பல் நிற நீர் மறுபக்கக் குழாய் வழியாக வெளியேறும். காற்றில்லாத இருட்டில் பாக்டீரியாக்கள் கசடில் ஒரு பகுதியைச் செரித்து மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகியவற்றை வெளிவிடும். மிதக்கும் திடப்பொருளில் பாதியோ, அதற்குச் சற்று அதிகமோ இங்கே பிடிபடும்.

கிருமிகள் பெரும்பாலும் பிடிபடுவதில்லை. வெளியேறும் நீரின் 100 மில்லிலிட்டரில் மலக்குடல் பாக்டீரியாக்கள் லட்சக்கணக்கில், பல நேரங்களில் அதற்கும் மேலாக இருக்கும். தொட்டி ஒரு முன்னறை மட்டும்தான். உண்மையான சுத்திகரிப்பு வெளியே, உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண்ணில் நடக்கிறது.

அந்த மண்ணுக்குள் நடப்பது இந்த நூலில் நாம் பார்க்கும் வியப்புகளில் முக்கியமான ஒன்று. உறிஞ்சுகுழியின் ஓரத்தில் சில மாதங்களில் கறுத்த, வழவழப்பான உயிர்ப்படலம் உருவாகும். நீரை மெதுவாகக் கசியவிடும் முதல் தடுப்பு அது. அதைத் தாண்டிய நீர் மண் துகள்களைச் சுற்றி மெல்லிய படலமாக வழிந்து இறங்கும். துகள்களுக்கு நடுவே காற்று இருக்கும். காற்றில் வாழும் நுண்ணுயிரிகள் எஞ்சிய அழுக்கைத் தின்னும். களிமண் துகள்களின் மின்னேற்றம் வைரஸ்களை இழுத்து ஒட்டவைக்கும். ஒற்றைச்செல் உயிரிகள் பாக்டீரியாக்களை விழுங்கும். மீதி, பசியாலும் வயதாலும் சாகும். இவ்வளவுக்கும் வேண்டியது ஒன்று: நேரம். மண் அந்த நேரத்தை வாங்கித் தருகிறது. டிகாஷன் ஃபில்டரில் துளைகள் பெரிதாகிவிட்டால் தண்ணீர் ஊற்றிய நொடியே இறங்கிவிடும், தூளின் சாரம் இறங்காது. உறிஞ்சுகுழியிலும் அப்படித்தான். வேகமாக இறங்கும் நீர் வேலையை முடிக்காமல் இறங்குகிறது.

மண்ணுக்குள் நீர் எவ்வளவு வேகத்தில் நகரும் என்பதைப் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி டார்சி மணல் நிரப்பிய குழாய்களில் அளந்து 1856-இல் வெளியிட்டார். இன்றுவரை நிலத்தடி நீரியலின் அடிக்கல் அது. பாறைப் பிளவுக்குக் கணக்கு வேறு. அதில் ஓடும் நீரின் அளவு பிளவின் அகலத்துடைய மும்மடிக்கு ஏற்ப உயரும். அகலம் இரு மடங்கானால் ஓட்டம் எட்டு மடங்கு. ஒரு மில்லிமீட்டர் பிளவு நம் கண்ணுக்கு ஒரு கோடு. உருண்டைப்புழுவின் முட்டை அதில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்றே பெரியது. ஈ.கோலை பாக்டீரியா ஐந்நூறில் ஒரு பங்கு. வாந்தியும் பேதியும் தரும் நோரோவைரஸோ இருபத்தையாயிரத்தில் ஒரு பங்குதான். இவற்றுக்கு அந்தப் பிளவு அகலமான சாலை. ஒட்டிக்கொள்ளக் களிமண் இல்லை, தின்பதற்கு ஆளில்லை, காத்திருக்க நேரமில்லை.

இது வெறும் கணக்கு என்று நினைப்பவர்களுக்கு 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். புதிதாகத் திறந்த ஓர் உணவகத்தில் சாப்பிட்டவர்களும் வேலை செய்தவர்களுமாக 229 பேர் வாந்தி பேதியில் விழுந்தார்கள். ஆறு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சமையலறையில் குற்றமில்லை. குற்றம் தண்ணீரில். உணவகத்தின் கிணறு 85 மீட்டர் ஆழம். கழிவுநீர் இறங்கும் இடத்துக்கும் கிணற்றுக்கும் இடையே 188 மீட்டர். தொட்டியும் புதிது, கிணறும் புதிது, இரண்டும் மாநிலக் கட்டட விதிகளுக்கு உட்பட்டவை. நோயாளிகளின் மலத்திலும், கிணற்றிலும், செப்டிக் டேங்கிலும் ஒரே மரபணு வரிசை கொண்ட நோரோவைரஸ் இருந்தது. ஆய்வாளர்கள் சாயம் ஊற்றிப் பார்த்தார்கள். தொட்டியின் ஒழுகும் இணைப்பிலிருந்து ஆறு நாளிலும், உறிஞ்சு பரப்பிலிருந்து பதினைந்து நாளிலும் சாயம் கிணற்றில் தலைகாட்டியது. அடியில் இருந்தது விரிசல் விட்ட டோலமைட் பாறை.

டோலமைட் நீரில் மெல்லக் கரையும் பாறை, அதன் வழிகள் காலப்போக்கில் அகலமாகும். ஜவ்வாதின் சார்னோக்கைட் அப்படிக் கரைவதில்லை. ஆகவே விஸ்கான்சினின் எண்களை இங்கே அப்படியே ஒட்டவைக்கக் கூடாது. ஆனால் அந்தச் சம்பவத்தின் மையச் செய்தி பாறை வகையைத் தாண்டி நிற்கிறது. விதிப்புத்தகத்தில் உள்ள தூரம், அடியில் மண் இருக்கிறது என்று நம்பி எழுதிய தூரம்.

நம் விதிப்புத்தகத்திலும் அதே நம்பிக்கைதான். செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2470. அதன்படி ஐந்து பேர் வீட்டுக்குத் தொட்டி ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீராழம். உறிஞ்சுகுழி குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி இருக்க வேண்டும். அதற்கு முன் மண்ணைச் சோதிக்க வேண்டும். குழி தோண்டி, அடியில் கூழாங்கல் பரப்பி, இரவெல்லாம் ஊறவிட்டு, மறுநாள் நீர்மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கும் எளிய சோதனை அது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்த மண் உதவாது. பிளவுபட்ட பாறையில் இந்த முறையே ஏற்றதல்ல, மாசு நெடுந்தூரம் போய்விடும் என்ற எச்சரிக்கையையும் நம் பொறியியல் கையேடுகள் தெளிவாகவே வைத்திருக்கின்றன. அறிவு இல்லாமல் போகவில்லை. வரைபடத்தில் செவ்வகமாகப் போட்டுக் காட்டும் தொட்டிக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது. அந்தச் செவ்வகத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கடப்பாரை பிடித்தவருக்கு மட்டும் தெரிகிறது.

இங்கேதான் விதிவிலக்கு என்ற கேள்வி எழுகிறது. ஜமுனாமரத்தூர்ச் சரிவில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மனை சிறியது. பத்து மீட்டர் கீழே அடுத்த வீட்டின் போர். மூன்றடியில் பாறை. பழைய குழி மழைக்காலத்தில் பொங்குகிறது. 18 மீட்டர் விதியைப் பிடித்துக்கொண்டால் இவர் கழிப்பறையே கட்ட முடியாது, திறந்தவெளிக்குத்தான் போக வேண்டும். அது இன்னும் பெரிய கேடு. விதியைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கீழ்வீட்டின் தண்ணீர் போய்விடும். விதி சரியாக இருக்கும்போதே அதைக் கடைப்பிடிக்க முடியாத நிலை உண்மையில் இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டு முறையாகக் கையாளாத ஊரில் மறைவாகக் கையாள்வார்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அங்கே ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சுகாதார வாரியம். 1995-இல் விரிவாகத் திருத்தப்பட்ட மாநில விதிகளின்படி, குடிநீர்க் கிணற்றிலிருந்து தொட்டி 50 அடியும் உறிஞ்சு பரப்பு 100 அடியும் தள்ளி இருக்க வேண்டும். உறிஞ்சு பரப்பின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவே நான்கடி மண் வேண்டும். நீர் மிக வேகமாக இறங்கும் மண்ணாக இருந்தால் ஐந்தடி. வேகமாக உறிஞ்சும் மண்ணை நம் ஊரில் நல்ல மண் என்போம். அங்கே அதற்குக் கூடுதல் கட்டுப்பாடு. காரணம் மேலே பார்த்ததுதான். வீடு கைமாறும்போது தொட்டியைச் சோதித்தாக வேண்டும், தேறாவிட்டால் மேம்படுத்த வேண்டும். பழைய மனைகளில் முழு விதிக்கும் இடம் இல்லாவிட்டால் வாரியத்தின் முன் விண்ணப்பம் போகும். விலக்கு கேட்பவர் இரண்டை மெய்ப்பிக்க வேண்டும். விதியை அப்படியே வலியுறுத்தினால் தமக்கு வெளிப்படையான அநீதி ஆகும் என்பது ஒன்று. விதி தரும் அதே அளவு பாதுகாப்பை வேறு வழியில் தர முடியும் என்பது இன்னொன்று. அக்கம்பக்கத்து மனைக்காரர்களுக்குப் பதிவுத் தபாலில் முன்னறிவிப்பு போக வேண்டும். அவர்கள் கூட்டத்தில் வந்து பேசலாம். விலக்கு கொடுத்தாலும், படுக்கையறை கூட்டக் கூடாது என்பதுபோல் நிபந்தனையைப் பத்திரத்தோடு சேர்த்துவிடுவதும் உண்டு.

இரண்டாவது நிபந்தனைதான் என் கவனத்தைப் பிடித்து வைத்திருப்பது. கேட்பது தளர்வு, கொடுக்க வேண்டியது ஈடு. தூரத்தில் குறைந்ததை வடிகட்டலில் கூட்டிக் காட்ட வேண்டும்.

நம் சட்டத்தில் விலக்கு என்றால் என்ன பொருள் என்பதை இதோடு வைத்துப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 113-ஆம் பிரிவில் அரசுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தைத் தந்தது. 1998-இல் 113-ஏ வந்தது. விதிமீறிக் கட்டிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தும் பிரிவு அது. பின்னர் 113-சி. இவற்றின் குறி செப்டிக் டேங்க் அல்ல, கட்டடத்தின் பரப்பும் ஓரத்து இடைவெளியும்தான். ஆனாலும் ஒரு பழக்கத்தை ஊன்றிவிட்டன. விதியை மீறினால் பணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்பது அந்தப் பழக்கம். பாறைப் பிளவுக்குள் போகும் வைரஸுக்கு அந்த ரசீது தெரியாது.

சரி, நம் கற்பனை வீட்டுக்காரர் ஈடாக என்ன காட்டலாம்? வழிகள் இருக்கின்றன.

மண் இல்லாத இடத்தில் மண்ணைக் கொண்டுவந்து வைப்பது முதல் வழி. விஸ்கான்சினிலேயே 1970-களில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செம்மைப்படுத்திய மணல்மேடு முறை இது. தரைக்குக் கீழே போகாமல் தரைக்கு மேலே இரண்டடிக்குக் குறையாமல் தேர்ந்த மணலைக் கொட்டி, தொட்டி நீரைச் சிறு சிறு தவணையாக அதன்மேல் பரப்புவார்கள். மணலுக்குள் இறங்கி வருவதற்குள் பெரும்பகுதிக் கிருமி போய்விடும். நம் கிராமப்புறக் கழிப்பறைக் கையேடுகளில் இதன் சிறிய வடிவம் உண்டு. உறிஞ்சுகுழியின் அடியைக் களிமண்ணாலோ பிளாஸ்டிக் தாளாலோ அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு நுண்மணல் உறை போடச் சொல்கின்றன. நீர் கீழே போகாது, பக்கவாட்டில் மணல் வழியாகத்தான் போகும். மலைமேல் நுண்மணல் விலை ஏறும் என்பது உண்மை. குழிக்கு வெடி வைப்பதும் மலிவில்லை.

நீரையே தவிர்ப்பது இரண்டாவது வழி. இதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை, முசிறிக்குப் போனால் போதும். காவிரிக் கரையில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் அந்த வட்டாரத்தில் குழி தோண்டினால் குழிக்குள் தண்ணீர். ‘ஸ்கோப்’ தொண்டு நிறுவனத்தின் எம். சுப்புராமன் அங்கே சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும், தரைக்கு மேல் அறை கொண்ட சூழல்காப்புக் கழிப்பறைகளைப் பரப்பினார். மலம் சாம்பலோடு உலர்ந்து மக்கும், சிறுநீர் உரமாகும், நிலத்துக்குள் எதுவும் இறங்காது. 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. காவிரிக் கரையின் சிக்கல் நீர்மட்டம், ஜவ்வாதின் சிக்கல் பாறை. இரண்டுக்கும் ஒரே விடை பொருந்துகிறது, குழி தோண்டாதே என்பது. மக்கிய உரத்தையும் சிறுநீரையும் பயன்படுத்தக் காடுகழனி வைத்திருக்கும் மலைக்குடும்பங்களுக்கு, அபார்ட்மென்ட்காரர்களைவிட இந்த முறை நன்றாகவே ஒத்துவரும் என்று நம்புகிறேன். வீட்டார் மனமொப்பிப் பராமரித்தால்தான் அது நிற்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திட்ட அதிகாரி கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிற பொருள் அல்ல அது.

மூன்றாவது வழி, எதையும் வெளியே விடாத அடைத்த தொட்டி. கேட்கச் சுலபம். ஆனால் நிறைந்ததும் காலி செய்ய லாரி வர வேண்டும், மலையில் லாரி ஒரு தனிக் கதை.

செப்டிக் டேங்க் லாரி கசடை இழுப்பதில்லை, காற்றுமண்டலம் தள்ளுகிறது. லாரித் தொட்டியில் காற்றை வெளியேற்றி வெற்றிடம் உண்டாக்கினால் வெளிக்காற்றின் அழுத்தம் கசடைக் குழாய் வழியே மேலே ஏற்றும். கடல் மட்டத்தில் அது நீரை அதிகபட்சம் 10.3 மீட்டர் ஏற்றும். 900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால் 9.3 மீட்டர்தான். இது குறையில்லாத பம்பும் வெறும் தண்ணீரும் இருந்தால். கட்டியான கசடும் நீண்ட ஹோஸும் சேர்ந்தால் நடைமுறையில் ஆறேழு மீட்டரே பெரிது. சாலைக்குக் கீழே சரிவில் எட்டு மீட்டர் இறங்கி இருக்கும் வீட்டின் தொட்டியைச் சாலையில் நிற்கும் லாரியால் காலி செய்ய முடியாது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் முடியாது. காற்றுக்கு அவ்வளவுதான் பலம்.

லாரியால் முடியாத இடத்தில் மனிதரை இறக்குவது இந்த நாட்டின் பெருங்குற்றம். மூடிய தொட்டிக்குள் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு ஆகும்போதே மூக்கின் மோப்ப உணர்வை அணைத்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று இறங்குவார். சில நூறு பங்கில் மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்தது. இப்படி இறப்பவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. ஆகவே மலையில் ஒரு தொட்டிக்கு அனுமதி தருபவர் முதலில் கேட்க வேண்டியது இது: இதை எந்த வண்டி, எங்கே நின்று, எவ்வளவு உயரத்துக்கு இழுக்கும்? பதில் இல்லாத தொட்டியை அனுமதிப்பது, என்றோ ஒரு நாள் ஒரு மனிதர் அதற்குள் இறங்குவதை இன்றே எழுதி வைப்பது.

இழுத்த கசடு எங்கே போகும் என்பது அடுத்த கேள்வி. 2014-இல் தமிழ்நாடு அரசு நகர்ப்புற, ஊரக உள்ளாட்சிகள் இரண்டுக்குமாகக் கசடு மேலாண்மை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தொட்டிகளைக் கணக்கெடுப்பது, தரமற்றவற்றை மாற்றச் சொல்வது, லாரிகளை ஒழுங்குபடுத்துவது, கசடைச் சுத்திகரிப்பு நிலையத்தில் மட்டும் கொட்டுவது எல்லாம் அதில் உண்டு. 2017-இல் கருங்குழி பேரூராட்சியில் மாநிலத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் மலைக்கு மேலிருந்து கசடை ஏற்றிய லாரி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதைப் பொறுத்தே அது ஓடையில் கொட்டுமா, நிலையத்தில் கொட்டுமா என்பது முடிவாகும். இதை ஓட்டுநரின் ஒழுக்கம் என்று பார்ப்பதைவிட டீசல் கணக்கு என்று பார்த்தால் தீர்வு கிடைக்கும்.

பணம் பற்றியும் பேச வேண்டும். தூய்மை பாரத இயக்கம் 2014 அக்டோபர் 2-இல் தொடங்கியபோது ஊரக வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் என்று வைத்தது. போளூர் வண்டல் மண்ணிலும் அதே தொகை, மேலே பாறையிலும் அதே தொகை. அந்தத் தொகையில் பாறையை உடைத்து, மணல் உறை போட்டு, இரண்டு குழி அமைப்பது நடக்காத காரியம். பழங்குடி வீட்டார் விதியை மீறினார் என்று நோட்டீஸ் கொடுக்கும் முன், விதிப்படி கட்ட அவர் கையில் என்ன கொடுத்தோம் என்று பார்க்க வேண்டும்.

கடுமை வேறிடத்தில் தொடங்க வேண்டும். வாளியில் மொண்டு ஊற்றும் ஐந்து பேர் வீட்டுக் கழிப்பறை ஒரு முறைக்கு இரண்டு லிட்டர் அளவில் தண்ணீர் கேட்கிறது. ஒரு தங்கும் விடுதிக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்று கணக்கிடுவது தேசியக் கட்டட நெறி. இருபது அறை, அறைக்கு இருவர் என்றால் நாளுக்கு 7,200 லிட்டர். அதில் பெரும்பகுதி கழிவுநீராகத் திரும்பும், அதுவும் கோடை விழாக் கூட்டம் ஏறும் சில வாரங்களில் மொத்தமாக. விஸ்கான்சினில் நோயைப் பரப்பியது ஓர் உணவகத்தின் தொட்டி என்பதை மறக்க வேண்டாம். ஜவ்வாதில் விடுதி கட்ட வருபவருக்கு விலக்கே கூடாது என்பது என் கருத்து. மணல்மேடோ, வேறு சுத்திகரிப்போ முழுச் செலவில் அவர் செய்யட்டும். விலக்கும் அதற்கான ஈட்டை அமைக்க உதவித்தொகையும் தேவைப்படுவது சரிவில் காலங்காலமாக இருக்கும் வீட்டுக்கு.

யார் உட்கார்ந்து பார்ப்பது? புதிய வாரியம் ஒன்றும் வேண்டியதில்லை. பொதுச் சுகாதாரச் சட்டத்தை 1939-இலேயே இயற்றி இந்தியாவுக்கு முன்னோடியாக நின்றது சென்னை மாகாணம். உள்ளாட்சிக்கும் சுகாதார அலுவலருக்கும் அது அதிகாரம் தந்தது. அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளருக்கு எந்தத் தெருவில் பேதி வந்தது என்று தெரியும். குடிநீர் வடிகால் வாரியத்தின் நிலநீர் வல்லுநருக்குப் பிளவு எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரியும். ஒன்றியப் பொறியாளருக்குத் தொட்டி தெரியும். ஊரின் பெரியவர்களுக்கு எந்த ஊற்று எந்த மாதம் வற்றும், மழை பெய்து எத்தனை நாளில் கலங்கும் என்று தெரியும். நிலநீர் வல்லுநரின் கருவி சொல்லாத சிலவற்றை அந்தக் கடைசி விவரம் சொல்லிவிடும். இந்த நால்வரும் ஒரே கோப்பில் எழுதினால் அதுதான் சுகாதார வாரியம். கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்க ஏற்கெனவே கிராம சபை இருக்கிறது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-உம் கிராம சபை நாட்களில் சேர்ந்திருக்கிறது.

அவர்கள் கையில் ஆதாரம் வேண்டும். தொட்டியில் ஃபுளோரசீன் சாயத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு, சுற்றியுள்ள கிணறுகளிலும் ஊற்றுகளிலும் சில வாரங்கள் தினம் ஒரு பாட்டில் எடுத்துப் பார்ப்பது விஸ்கான்சினில் செய்த சோதனையின் எளிய வடிவம். அதைவிடவும் மலிவானது நம் நாட்டிலேயே பிறந்தது. 1982-இல் மஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூன்று இந்திய அறிவியலாளர்கள் மருந்தூட்டிய காகிதப் பட்டை ஒன்றைச் சிறு குப்பியில் வைத்து, குடிநீரை ஊற்றி மூடும் சோதனையை வெளியிட்டார்கள். நீரில் மலக்கலப்பு இருந்தால் அதனுடன் வரும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். அது பட்டையில் உள்ள இரும்போடு சேர்ந்து குப்பியைக் கறுப்பாக்கும். ஆய்வுக்கூடமோ மின்சாரமோ வேண்டாம். மலையின் குளிரில் குப்பியை வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட்டு, ஓரிரு நாள் பொறுக்க வேண்டும்.

எப்போது எடுப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஏப்ரலில் எடுத்த நீர் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் எழுதிவிட்டால் போதாது. வெயில் காலத்தில் பிளவுகள் வறண்டு கிடக்கும், கழிவு குழிக்குள்ளேயே தேங்கி நிற்கும். கனடாவின் வாக்கர்ட்டன் ஊரில் 2000 மே மாதம் ஏழு பேர் இறந்து, ஏறக்குறைய 2,300 பேர் நோயுற்றது பெருமழை ஒன்றுக்குப் பிறகு. மாட்டுச் சாணத்திலிருந்த ஈ.கோலை விரிசல் விட்ட பாறை வழியே ஆழமில்லாத கிணற்றுக்குள் போயிருந்தது. ஆகவே ஜவ்வாதில் முதல் குப்பியைக் கோடையில் எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஒப்பிட உதவும். இரண்டாவதைத் தென்மேற்குப் பருவத்தின் முதல் கனமழைக்கு அடுத்த இரண்டு மூன்று நாளில் எடுக்க வேண்டும். மூன்றாவதை வடகிழக்குப் பருவத்தின் நடுவில், ஊற்று நிறைந்து ஓடும்போது. விலக்கு கேட்டு வந்த வீட்டுக்கும், அதற்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு நீராதாரத்துக்கும் இந்த மூன்று குப்பிகளும் கோப்பில் இருக்க வேண்டும். தொட்டியை மாற்றிக் கட்டிய மறு ஆண்டும் அதே மூன்று குப்பிகளை எடுக்க வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் கறுக்காவிட்டால் விலக்கு நீடிக்கலாம். கறுத்தால் அந்தக் கோப்பு மறுபடி மேசைக்கு வர வேண்டும்.